எல்லாப்ரகட சுப்பாராவ்: ஏழை நாட்டு நோய்க்கும் பணக்கார நாட்டு நோய்க்கும் மருந்து தந்த ஆந்திரக்காரர்

சுகர், பிபி, மாரடைப்பு, புற்றுநோய். இவற்றைப் பணக்கார நாட்டு நோய்கள் என்று சொன்ன காலம் உண்டு. காலரா, யானைக்கால், குடல் நோய் எல்லாம் நமக்கு. இதெல்லாம் அவர்களுக்கு என்று நடுவில் ஒரு கோடு இருந்தது. அந்தக் கோட்டின் இரண்டு பக்கத்தையும் பார்த்தவர் எல்லாப்ரகட சுப்பாராவ். ஒரு பக்கத்து நோய்க்குச் சகோதரர்களைப் பறிகொடுத்தார். மறுபக்கத்து நோயில் தானே இறந்தார்.

யார் இவர்?

1895 ஜனவரி 12 அன்று, அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தார். வறுமையான குடும்பம். மெட்ரிக்குலேஷனை மூன்றாவது முயற்சியில்தான், அதுவும் சென்னை இந்து உயர்நிலைப் பள்ளிக்கு வந்துதான் தேறினார். பிறகு மாநிலக் கல்லூரி, அடுத்து சென்னை மருத்துவக் கல்லூரி.

காந்தியின் அழைப்பை ஏற்று, அறுவை சிகிச்சைக்கும் கதர் உடுத்திப் போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. கடைசியில் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல், அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது. அரசு மருத்துவப் பணியும் கைகூடவில்லை. சென்னையில் ஓர் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் சொல்லிக் கொடுத்தார். இதற்கிடையில் ஸ்ப்ரூ என்ற குடல் நோய் அவருடைய சகோதரர்கள் இருவரை அடுத்தடுத்துக் கொண்டுபோயிருந்தது.

அமெரிக்காவில் என்ன செய்தார்?

மாமனார் வீட்டு உதவியோடு 1920-களின் தொடக்கத்தில் பாஸ்டன் போய்ச் சேர்ந்தார். ஹார்வர்டில் வெப்பமண்டல மருத்துவம் படித்தார். செலவுக்காக மருத்துவமனையில் இரவுநேர உதவியாளர் வேலை பார்த்தார். பிறகு சைரஸ் ஃபிஸ்க் என்பவருடன் சேர்ந்து, ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925-ல் வெளியிட்டார். மருத்துவப் பாடநூல்களில் ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை என்று இருப்பது இதுதான். 1929-ல் ஏடிபி என்ற மூலக்கூறைக் கண்டறிந்தார்கள். ஜெர்மனியில் கார்ல் லோமனும் அதே ஆண்டு தனியாக அதைக் கண்டுபிடித்தார். நம் செல்கள் ஆற்றலைச் செலவு செய்வது இந்த மூலக்கூறு வழியாகத்தான்.

இவ்வளவு செய்தும் ஹார்வர்டில் நிரந்தர இடம் கிடைக்கவில்லை. 1940-ல் லெடர்லி மருந்து நிறுவனத்துக்குப் போனார். ஆராய்ச்சிக் குழுவை அவர் வழிநடத்திய அடுத்த 8 ஆண்டுகளில் வந்தவை இவை:

ஃபோலிக் அமிலம்: 1945-ல் ஆய்வகத்தில் செயற்கையாகத் தயாரானது. சில வகை ரத்தசோகைக்கும், சகோதரர்களைக் கொன்ற அதே ஸ்ப்ரூவுக்கும் இது மருந்தானது. இன்று கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்தோடு சேர்த்துத் தரும் மாத்திரையில் இருப்பதும் இதுவே.

அமினோப்டெரின்: செல் பெருக ஃபோலிக் அமிலம் வேண்டும். அதைப் போலவே வேஷம் போட்டு உள்ளே போய் வேலையைத் தடுக்கிறது இந்த மருந்து. சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் ரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்தார். 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்ததாக 1948-ல் அறிவித்தார். கீமோதெரபியின் தொடக்கப் புள்ளிகளில் இது ஒன்று. இதன் நெருங்கிய உறவான மெத்தோட்ரெக்ஸேட் புற்றுநோய்க்கும் முடக்குவாதத்துக்கும் இன்றும் தரப்படுகிறது.

டைஎதில்கார்பமசைன்: யானைக்கால் நோய் மருந்து. இந்தியாவில் வீடுவீடாக வந்து தரப்படும் டிஇசி மாத்திரை இதுதான்.

ஆரியோமைசின்: டெட்ராசைக்ளின் வகையில் முதல் ஆன்டிபயாடிக். பெஞ்சமின் டகர் கண்டறிந்த இது 1948-ல் வெளிவந்தது.

அந்த ஆண்டு ஆகஸ்டில், 53 வயதில், மாரடைப்பில் சுப்பாராவ் இறந்தார். ஊரில் விட்டுவிட்டுப் போன மனைவி சேஷகிரியை அதன்பிறகு அவர் பார்க்கவே இல்லை.

அவர் மரணத்தில் கவனிக்க என்ன இருக்கிறது?

1900 வாக்கில் அமெரிக்கர்களை அதிகம் கொன்றவை நிமோனியா, காசநோய், வயிற்றுப்போக்கு. 1950-க்குள் அந்த இடத்தை இதய நோய், புற்றுநோய், பக்கவாதம் பிடித்துவிட்டன. ஆனால் மாரடைப்பு ஏன் வருகிறது என்பதே அப்போது தெளிவாகத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க ஃப்ராமிங்ஹாம் ஆய்வு தொடங்கியதும் அதே 1948-ல், சுப்பாராவ் பல ஆண்டுகள் உழைத்த அதே மாசசூசெட்ஸ் மாநிலத்தில். 5,209 பேரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். உயர் ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், புகைப்பழக்கம் ஆகியவை இதயத்துக்கு ஆபத்து என்பது அதன்பிறகுதான் உறுதியானது. சுப்பாராவுக்கு இந்த எச்சரிக்கை கிடைக்கவில்லை. நமக்குக் கிடைத்திருக்கிறது.

இப்போது கோடு எங்கே?

இந்தியாவில் 1990-ல் நடந்த மரணங்களில் தொற்றாநோய்களின் பங்கு 37.9%. 2016-ல் அது 61.8%. 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி நாட்டில் சுமார் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு, 35.5% பேருக்கு உயர் ரத்த அழுத்தம்.

தமிழக எல்லையைத் தாண்டியதும் வரும் தடாவைப் பாருங்கள். ஒரு பக்கம் பழவேற்காடு ஏரி, மீன்பிடிக் கிராமங்கள். மறுபக்கம் ஸ்ரீசிட்டியின் வாகன, ஏசி, சாக்லேட் ஆலைகள். இரவு ஷிப்டு வேலை நீரிழிவு, இதய நோய் அபாயத்தைக் கூட்டுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. டிஇசி மாத்திரையும் பிபி மாத்திரையும் ஒரே வீட்டுக்குள் இருக்கக்கூடிய காலம் இது.

30 வயது தாண்டியவர்களுக்கு நீரிழிவு, ரத்த அழுத்தம், வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை அரசுத் திட்டத்தில் இலவசம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டாலே போதும். பிபி பார்க்க ஐந்து நிமிஷம்கூட ஆகாது.