முதல் பேசும்படத்தில் பேசிய பெண்: டி.பி. ராஜலட்சுமி

1931 ஒக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரல் திரையரங்கில் 'காளிதாஸ்' வெளியானது. மௌனப்படங்களில் உதடு அசைவதை மட்டுமே பார்த்துப் பழகிய மக்கள், அன்று திரையில் ஒரு பெண் தமிழில் பேசுவதையும் பாடுவதையும் கேட்டார்கள். அந்தப் பெண்தான் டி.பி. ராஜலட்சுமி.

1911இல் திருவையாற்றில் ஒரு பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். விளையாடும் வயதிலேயே திருமணம் செய்து வைத்தார்கள். அந்த வாழ்வு நிலைக்கவில்லை. தந்தையும் இறந்துபோக, பிழைப்புக்காக நாடகக் குழுவில் சேர்ந்தார். குடும்பப் பெண் மேடையேறுவதே இழிவாகப் பேசப்பட்ட காலம் அது. ஊர்ப்பேச்சு சோறு போடாது என்பதை அவர் சிறுவயதிலேயே அறிந்திருந்தார்.

மேடையில் பெற்ற பெயர் அவரை 'கோவலன்' முதலான மௌனப்படங்களுக்குக் கொண்டு சென்றது. ஆனால், மேடையில் வளர்ந்த அவரது குரலுக்கு மௌனப்படத்தில் வேலையில்லை. ஒலி வந்த பிறகே அதற்கு இடம் கிடைத்தது. எச்.எம். ரெட்டி இயக்கிய 'காளிதாஸ்', பம்பாயில் அர்தேஷிர் இரானியின் நிறுவனத்தில் படமாக்கப்பட்டது. கதாநாயகன் பி.ஜி. வெங்கடேசன் தெலுங்கில் பேச, கதாநாயகி தமிழில் பதில் சொன்னார். பின்னணிப் பாடல் முறை அப்போது இல்லை. நடிப்பவரே பாட வேண்டும். காந்தியின் கைராட்டையைப் புகழும் பாட்டொன்றையும் அப்படத்தில் அவர் பாடினார். ஆண்டதோ பிரித்தானிய அரசு.

நடிப்போடு அவர் நிற்கவில்லை. 'கமலவல்லி' என்ற நாவலை எழுதினார். அதையே 1936இல் 'மிஸ் கமலா' என்ற படமாகத் தயாரித்து இயக்கி, தென்னிந்தியாவின் முதல் பெண் இயக்குநரானார். ஒரு பெண்ணின் மனதைக் கேளாமல் நடத்தப்படும் திருமணம்தான் அக்கதையின் மையம். அவருக்கு அது வெறும் கற்பனைக் கதையல்ல.

1964இல் அவர் காலமானார். 'காளிதாஸ்', 'மிஸ் கமலா' இரண்டின் பிரதிகளும் இன்று இல்லை. ஆனால் அவரது பெயர் எஞ்சியிருக்கிறது.

கல்முனை தொடங்கி பொத்துவில் வரையான எங்கள் கரையில், யுத்தத்திலும் சுனாமியிலும் கணவரை இழந்து, தையல் மெசினோடும் இடியப்ப உரலோடும் பிள்ளைகளை வளர்த்தெடுத்த தாய்மார் எத்தனையோ பேர். வீட்டுப் படி தாண்டியதற்காக அவர்களும் ஊர்ப்பேச்சைக் கேட்டவர்கள்தான். அவர்களில் எத்தனை பேரின் பெயரை நாம் எழுதி வைத்திருக்கிறோம்?