தேக்குக் கப்பல் தந்த தச்சர்

மனிதன் தன் கைத்திறனால் ஆக்கிய அரும்பொருள்களுள் மரக்கலமும் ஒன்று. நூற்றுக்கணக்கான வீரரையும், எழுபது எண்பது பீரங்கிகளையும், பல திங்களுக்கு வேண்டிய உணவையும் நீரையும் தாங்கிக்கொண்டு, காற்றையே துணையாகக் கொண்டு கடல் கடந்து செல்லும் போர்க்கப்பலை மரத்தினால் கட்டி முடிப்பது எளிய செயலன்று. இரும்பும் நீராவியும் கடலில் இடம் பெறுவதற்கு முன்னர், பேரரசுகளின் கடல் வலிமை தச்சர்களின் வாய்ச்சியையும் உளியையும் நம்பியே நின்றது. அத்தகைய தச்சர்களுள் உலகப் புகழ் பெற்றவர் நம் நாட்டினர் ஒருவர். ஜம்ஷெட்ஜி போமன்ஜி வாடியா என்பது அவர் பெயர்.

வாடியா என்னும் குடிப்பெயருக்குக் கப்பல் கட்டுவோர் என்பது பொருள். பெயருக்கு ஏற்பவே, அக்குடும்பத்தினர் தலைமுறை தலைமுறையாகக் கப்பல் தொழிலில் ஈடுபட்டிருந்தனர். அவர்கள் பார்சி வகுப்பினர். ஜம்ஷெட்ஜியின் பாட்டனாரான லவ்ஜி நசர்வான்ஜி சூரத்து நகரில் தச்சர்களின் மேற்பார்வையாளராக இருந்தார். அவருடைய திறமையைக் கண்ட கிழக்கிந்தியக் கம்பெனியார், 1736 ஆம் ஆண்டில் அவரைப் பம்பாய்க்கு அழைத்து வந்தனர். தம்முடன் சில தச்சர்களை மட்டும் கூட்டிக்கொண்டு வந்த லவ்ஜி, கப்பல் கட்டுவதற்கு ஏற்ற இடத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கே ஒரு பெரிய தொழிற்களம் உருவாவதற்கு வழி வகுத்தார்.

பம்பாய்த் துறைமுகத்திற்கு இயற்கை அளித்த நன்மை ஒன்று உண்டு. அங்கே கடல் ஏற்றத்திற்கும் இறக்கத்திற்கும் இடையே நீர்மட்டம் பெரிதும் வேறுபடும். அதனால் கரையோரத்தில் கற்களால் அகழி போன்ற உலர்துறையை அமைத்து, நீர் வடிந்தபின் கதவை அடைத்து, உள்ளே கப்பலைக் கட்டலாம். கட்டி முடிந்ததும், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் மிகுதியாக ஏறும்போது கதவைத் திறந்து கப்பலை மிதக்க விடலாம். 1750 ஆம் ஆண்டை ஒட்டி முதல் உலர்துறை அங்கே அமைக்கப்பட்டது. பின்னர் வேறு துறைகளும் அதனுடன் சேர்ந்தன.

இத்தகைய குடும்பத்தில் 1754 ஆம் ஆண்டில் ஜம்ஷெட்ஜி பிறந்தார். தலைமைத் தச்சரின் பேரர் என்பதனால் அவருக்குச் சலுகை எதுவும் கிடைக்கவில்லை. தொழிலை அடிப்படையிலிருந்து கற்றவனே பிறரை ஏவுதற்கு உரியவன் என்பது லவ்ஜியின் கொள்கை. ஆதலால் அவர் ஜம்ஷெட்ஜியையும், மற்றொரு பேரரான பிராம்ஜி மானெக்ஜியையும், மாதம் பன்னிரண்டு ரூபாய்க் கூலிக்குச் சாதாரணத் தச்சராகவே வேலையில் அமர்த்தினார். இளைஞர் இருவரும் பிற தொழிலாளரோடு சேர்ந்து மரம் அறுத்தனர். வாய்ச்சி பிடித்துச் செதுக்கினர். பலகைகளை இழைத்துப் பொருத்தினர். எந்த மரம் எங்கே பயன்படும், எந்த மூட்டு எவ்வளவு பாரம் தாங்கும் என்பவற்றை அவர்களுடைய கைகளே அறிந்துகொண்டன.

1774 ஆம் ஆண்டில் லவ்ஜி காலமானார். நெடுங்காலம் தலைமைப் பதவியில் இருந்தும், அவர் பெருஞ்செல்வம் சேர்த்து வைக்கவில்லை. அவர் தம் வழியினருக்கு விட்டுச் சென்ற பெருஞ்செல்வம் தொழில் திறமையும் நல்ல பெயருமே ஆகும். அவருக்குப்பின் அவருடைய மக்கள் மானெக்ஜியும் போமன்ஜியும் பொறுப்பேற்றனர். அவர்களும் மறைந்த பின்னர், 1792 ஆம் ஆண்டை ஒட்டி, பேரர் இருவரும் தலைமைக் கப்பல் தச்சர் ஆயினர். 1804 ஆம் ஆண்டில் பிராம்ஜி இறந்தார். அதன் பின்னர் அப்பெரும் பொறுப்பு முழுவதும் ஜம்ஷெட்ஜியின் தோள்மேல் விழுந்தது.

அக்காலத்தில் இங்கிலாந்து பிரெஞ்சு நாட்டுடன் நீண்ட போரில் ஈடுபட்டிருந்தது. அதன் கடற்படைக்குக் கப்பல்கள் மேலும் மேலும் தேவைப்பட்டன. எழுபத்து நான்கு பீரங்கிகள் உள்ள போர்க்கப்பல் ஒன்றைக் கட்டுவதற்கு ஏறத்தாழ 2,000 ஓக் மரங்கள் வேண்டும். முதிர்ந்த ஓக் மரமோ ஒரு தலைமுறையில் வளர்வதன்று. இங்கிலாந்தில் ஓக் மரம் அருகிவிட்டது. போதிய அளவு உலராத மரத்தைக் கொண்டு அவசரமாகக் கட்டிய கப்பல்கள் சில ஆண்டுகளிலேயே உளுத்துப் போயின.

நம் நாட்டில், மலபார்க் காடுகளில், தேக்கு மரம் மிகுதியாக வளர்ந்திருந்தது. தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு. அதனால் அது எளிதில் உளுப்பதில்லை. நீரிலும் வெயிலிலும் மாறி மாறிக் கிடந்தாலும் அவ்வளவாக வெடிப்பதில்லை. ஓக் மரத்தில் உள்ள புளிப்புச் சத்து இரும்பாணிகளை அரித்துவிடும். தேக்கோ ஆணியைக் காக்கும். தேக்குமரக் கப்பல் ஓக் மரக் கப்பலைக் காட்டிலும் நெடுநாள் உழைக்கும் என்பதை அனுபவம் காட்டியது.

1802 ஆம் ஆண்டில் ஆங்கிலக் கடற்படைத் தலைவர்கள் பம்பாயில் போர்க்கப்பல்கள் கட்ட முடிவு செய்தனர். ஆயினும் அவர்கள் உள்ளத்தில் ஓர் ஐயம் எழுந்தது. வணிகக் கப்பல் கட்டுவது வேறு. அரசரின் போர்க்கப்பல் கட்டுவது வேறு. இந்தியத் தச்சர் ஒருவரை நம்பி அப்பணியை ஒப்படைக்கலாமா என்று அவர்கள் தயங்கினர். இங்கிலாந்திலிருந்து ஒரு தலைமைத் தச்சரை அனுப்பி, வேலையை அவர் பொறுப்பில் விடவும் எண்ணினர். ஆனால் ஜம்ஷெட்ஜியின் தகுதியை நேரில் அறிந்தவர்கள் அவரைப் பற்றி எடுத்துரைத்தனர். அவர் கட்டிய கப்பல்களும் அவர் பொருட்டுச் சான்று கூறின. முடிவில் ஆங்கிலத் தச்சரை அனுப்பும் எண்ணம் கைவிடப்பட்டது. ஜம்ஷெட்ஜியே தலைமைத் தச்சராகத் தொடர்ந்து பணியாற்ற வேண்டுமென்று ஆணை பிறந்தது.

இத்தொடர்பில் செய்தி ஒன்று வழங்கி வருகிறது. 1800 ஆம் ஆண்டில் கம்பெனிக்காகக் கார்ன்வாலிஸ் என்னும் கப்பலை அவர் கட்டினார். அக்கப்பலின் அடிவயிற்றில், ஒருவர் கண்ணிலும் படாத நடுமரம் ஒன்றில், இழிந்த கறுப்பன் ஒருவன் இக்கப்பலைக் கட்டினான் என்னும் பொருள்படும் சொற்களை அவர் செதுக்கி வைத்தாராம். ஆங்கிலேயர் சிலர் இந்தியத் தொழிலாளரை எள்ளிப் பேசிய சொற்களே அவை. கப்பல் பல கடல்களைக் கடந்து, பழுதின்றித் துறைக்குத் திரும்பி வந்தபோது, அவர் அவ்வெழுத்துகளை அதிகாரிகளுக்குக் காட்டினாராம். வசைக்கு வசை கூறாமல், தம் வேலையையே அவர் மறுமொழியாக்கினார் என்பது இதனால் விளங்கும்.

1804 ஆம் ஆண்டில் கம்பெனியார் அவருடைய பணியைப் பாராட்டி வெள்ளியால் செய்த அளவுகோல் ஒன்றைப் பரிசளித்தனர். தச்சருக்கு இதனினும் பொருத்தமான பரிசு வேறில்லை. அடுத்த ஆண்டில் அவர் கட்டிய விரைவுப் போர்க்கப்பல் ஒன்று கடலில் இறங்கியது. அது பின்னர்ச் சால்செட் என்று பெயர் பெற்றது. வட ஐரோப்பாவிலுள்ள பால்டிக் கடலில் 1808 ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் அக்கப்பல் பனிக்கட்டிகளுக்கு இடையே சிக்கிக்கொண்டது. நாற்புறமும் பனி நெருக்கப் பல வாரங்கள் அவ்வாறு கிடந்தும் அது உடையாமல் மீண்டது. வெப்ப நாட்டில் வளர்ந்த தேக்கின் வலிமையைக் குளிர் நாட்டுக் கடலும் கண்டறிந்தது.

ஆயினும் ஜம்ஷெட்ஜியின் திறமைக்குப் பெருஞ்சோதனை இனிமேல்தான் வர இருந்தது. கடற்போரில் அணிவகுத்து நின்று போரிடும் பெருங்கப்பல் ஒன்றைக் கட்டுமாறு அவர் பணிக்கப்பட்டார். அதில் எழுபத்து நான்கு பீரங்கிகள் இரண்டு தளங்களில் நிரை நிரையாக அமைய வேண்டும். பீரங்கிகள் ஒருங்கே முழங்கும்போது உண்டாகும் அதிர்ச்சியைக் கப்பலின் ஒவ்வொரு மூட்டும் தாங்க வேண்டும்.

அத்தகைய கப்பல் உருவாகும் முறை அறிந்து மகிழத்தக்கது. முதலில் வரைபடத்திலுள்ள கோடுகளைப் பரந்த தளம் ஒன்றில் முழு அளவில் வரைவார்கள். அக்கோடுகளுக்கு ஏற்ப மெல்லிய பலகைகளில் அச்சுகள் வெட்டுவார்கள். பின்னர் அவ்வச்சுகளுக்குப் பொருந்திய மரங்களைத் தேடிச் செதுக்குவார்கள். உலர்துறையில் ஏரா என்னும் அடிமரத்தை நீள வைப்பார்கள். மனிதனுக்கு முதுகெலும்பு எப்படியோ, கப்பலுக்கு ஏரா அப்படி. அதன்மேல் இருபுறமும் விலாவெலும்புகளைப் போல வளைந்த சட்டங்களை நிறுத்துவார்கள். அவற்றின்மேல் தடித்த பலகைகளை அறைவார்கள். பலகைகளின் இடுக்குகளில் நாரும் கீலும் அடைத்து நீர் புகாமல் செய்வார்கள். மரத்தைத் துளைக்கும் கடற்புழுக்களைத் தடுப்பதற்கு, நீருள் அமிழும் பகுதி முழுவதையும் செப்புத் தகடுகளால் போர்த்துவார்கள். இவற்றுள் ஒரு வேலை பிழைபட்டாலும் கப்பலுக்குக் கேடு. கப்பலில் உள்ள உயிர்களுக்கும் கேடு.

1810 ஆம் ஆண்டு ஜூன் 19 ஆம் நாள், மிண்டன் என்னும் அப்பெருங்கப்பல் துறையை விட்டு நீரில் மிதந்தது. ஆங்கிலக் கடற்படைக்காக இந்தியாவில் கட்டப்பட்ட முதல் அணிப் போர்க்கப்பல் அதுவே. தயங்கியவர்களின் ஐயம் அன்றோடு நீங்கியது. பின்னர் 1813 ஆம் ஆண்டில் கார்ன்வாலிஸ் என்ற பெயருடைய மற்றொரு போர்க்கப்பலும், 1815 ஆம் ஆண்டில் வெல்லெஸ்லி என்னும் போர்க்கப்பலும் ஜம்ஷெட்ஜியின் மேற்பார்வையில் உருவாயின.

திறமை எங்கே உயர்கிறதோ அங்கே பொறாமையும் தோன்றுவது உலகியல்பு. இந்தியாவில் கட்டிய வணிகக் கப்பல்கள் தேம்ஸ் ஆற்றிற்கு வந்து சேரச் சேர, இலண்டன் கப்பல் கட்டுவோர் அஞ்சினர். தம் தொழில் கெடும் என்று 1813, 1814 ஆம் ஆண்டுகளில் அவர்கள் பாராளுமன்றத்தில் முறையிட்டனர். இந்தியக் கப்பல் தொழிலுக்குத் தடைகள் எழுந்தன. அந்நிலையிலும் பம்பாய்த் துறையில் வாய்ச்சியின் ஒலி ஓயவில்லை.

ஜம்ஷெட்ஜியின் புகழை இன்றும் காத்து நிற்கும் கப்பல் வேறொன்று. இலங்கையின் கீழ்க்கரையிலுள்ள திருக்கோணமலைத் துறைமுகத்தின் பெயரை அது தாங்கியது. அக்கப்பலுக்கான ஆணை 1812 ஆம் ஆண்டிலேயே பிறந்தது. ஆனால் அதன் வரைபடத்தை ஏற்றி வந்த ஜாவா என்னும் கப்பல், அவ்வாண்டு டிசம்பர்த் திங்களில் அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்றுடன் போரிட்டு அழிந்தது. வரைபடமும் அதனுடன் மறைந்தது. ஆதலால் வேலை 1816 ஆம் ஆண்டில்தான் தொடங்கியது. பார்சி மக்களின் வழக்கப்படி, வெள்ளி ஆணி ஒன்றை ஏராவில் அறைந்து தொடக்க விழாச் செய்தனர். 1817 ஆம் ஆண்டு அக்டோபர் 12 ஆம் நாள் அக்கப்பல் நீரில் இறங்கியது.

1821 ஆம் ஆண்டில் ஜம்ஷெட்ஜி உலக வாழ்வை நீத்தார். அவருடைய மகனார் நவ்ரோஜி தந்தையின் பதவியை ஏற்றார். காலம் மாறி நீராவிக் கப்பல்கள் தோன்றியபோதும் அக்குடும்பத்தினர் பின்தங்கவில்லை. அவர்களுள் இளைஞர் இருவர் 1838 ஆம் ஆண்டில் இங்கிலாந்து சென்று புதிய தொழில்முறைகளைக் கற்றனர். அக்குடும்பத்து அர்தசீர் கர்செட்ஜி நீராவிப் பொறித்துறையில் தேர்ந்து, 1841 ஆம் ஆண்டில் இலண்டன் இராயல் சங்கத்தின் உறுப்பினர் ஆனார். இந்தியருள் அப்பெருமையை முதலில் பெற்றவர் அவரே.

ஜம்ஷெட்ஜி கட்டிய போர்க்கப்பல்கள் அவர் பிறந்த நாட்டிற்காகப் போரிட்டவை அல்ல. இந்தியர் கையால், இந்திய மரத்தால் உருவான அவை அயலாரின் ஆட்சி பரவுவதற்கே துணை செய்தன. 1839 ஆம் ஆண்டில் வெல்லெஸ்லி கப்பலின் பீரங்கிகள் கராச்சியைப் பணிய வைத்தன. 1842 ஆம் ஆண்டில், அபினிப் போரில் தோற்ற சீனர் கார்ன்வாலிஸ் கப்பலின்மேல் வைத்தே நான்கிங் உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். அடிமைப்பட்ட நாட்டில் அருந்திறமையும் பிறர் வசமாகிவிடும் என்பதற்கு இவை சான்று. தச்சரின் திறமையைப் போற்றும்போது இவ்வுண்மையையும் மறத்தல் ஆகாது.

ஆயினும் அத்திறமையின் மாட்சி குன்றுவதன்று. வெல்லெஸ்லி கப்பல் நூற்றிருபத்தைந்து ஆண்டுகள் நிலைத்திருந்து, 1940 ஆம் ஆண்டில் ஜெர்மானிய விமானங்கள் குண்டு வீசியபோதுதான் அழிந்தது. திருக்கோணமலையின் பெயர் தாங்கிய கப்பல், பழுது பார்க்கப்பட்டு, இங்கிலாந்தின் ஹார்ட்லிபூல் நகரில் இன்றும் மிதக்கிறது. நீரில் மிதக்கும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களுள் அதுவே மிகப் பழமையானது. இரு நூற்றாண்டுகள் கடந்தும் மலபார்த் தேக்கு தன் உறுதியை இழக்கவில்லை.

இலண்டனின் கிரீனிச்சிலுள்ள கடற்பொருட்காட்சிச் சாலையில் ஜம்ஷெட்ஜியின் ஓவியம் ஒன்று உள்ளது. பார்சி உடை அணிந்த அவருடைய கையில் கவராயம் இருக்கிறது. பலகணி வழியே மிண்டன் கப்பல் தோன்றுகிறது. அவருடைய அரைக்கச்சையில் அந்த வெள்ளி அளவுகோல் செருகப்பட்டிருக்கிறது. பன்னிரண்டு ரூபாய்க் கூலிக்கு வாய்ச்சி பிடித்த இளைஞர், உழைப்பு ஒன்றினாலேயே அந்த அளவுகோலுக்கு உரியவர் ஆனார். பிறப்பும் நிறமும் அல்ல, செய்த வேலையின் செம்மையே மனிதனை அளக்கும் கோல் என்பதை அவர் வாழ்க்கை நமக்கு உணர்த்துகிறது.