நரைக்காட்டு வகுப்பறை: ஏமி கார்மைக்கேல் அம்மையார்

முன்னுரை

படிப்பு வேறு, விளையாட்டு வேறு என்று நாம் இரண்டையும் பிரித்தே பார்த்துப் பழகிவிட்டோம். பத்தாம் வகுப்பு வந்ததும் விளையாட்டு நேரம் தேர்வுப் பாடத்துக்குப் போய்விடுகிறது. பெண்பிள்ளைகளுக்கு மலையேற்றமும் நீச்சலும் எதற்கு என்று கேட்கும் பெரியவர்களும் உண்டு. ஆனால், நூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் நெல்லைச் சீமையில் பெண்குழந்தைகளுக்கு ஏட்டுக் கல்வியையும் காட்டு வாழ்வையும் ஒருசேரக் கொடுத்தார் ஓர் அம்மையார். அவர் வரலாற்றை இங்கே காண்போம்.

பிறப்பும் இளமையும்

ஏமி கார்மைக்கேல் 1867-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள் வட அயர்லாந்தில் மில்லைல் என்னும் கடற்கரைக் கிராமத்தில் பிறந்தார். உடன்பிறந்தார் எழுவரில் அவரே மூத்தவர். நம்மைப் போலவே அலையோசை கேட்டு வளர்ந்தவர், துடுக்கு மிகுந்தவர். ஒருமுறை தம்பியர் இருவரைக் கூட்டிக்கொண்டு கூரைச் சாளரத்தின் வழியே வெளியேறி, வீட்டுக் கூரைமேல் நடந்தார். கீழே நின்ற பெற்றோர் அண்ணாந்து பார்த்துத் திகைத்துப் போயினர்.

பின்னர் இங்கிலாந்தில் ஹாரோகேட் என்னும் ஊரில் ஒரு விடுதிப் பள்ளியில் பயின்றார். 1882-இல் வானில் பெரிய வால்நட்சத்திரம் ஒன்று தோன்றியது. இரவில் விழித்திருந்து அதைப் பார்க்க மாணவியருக்காக அனுமதி கேட்டார் ஏமி. தலைமையாசிரியை மறுத்துவிட்டார். பதினான்கு வயது ஏமி என்ன செய்தார் தெரியுமா? ஒவ்வொரு தோழியின் கால் பெருவிரலிலும் நூலைக் கட்டி, நுனிகளைத் தம் கையில் பிடித்துக்கொண்டு விழித்திருந்தார். எல்லாரும் உறங்கிய பின் நூலை இழுத்து அவர்களை எழுப்பி, ஓசைப்படாமல் மேல்மாடிக்கு அழைத்துச் சென்றார். அங்கே தலைமையாசிரியையும் ஆசிரியைகளும் முன்பே நின்று அந்த வால்நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்! விடுதித் தோழியர் இதை அப்படியே பின்பற்ற வேண்டாம். ஆனால், புத்தகத்தில் படிப்பதைக் கண்ணாலும் காண வேண்டும் என்ற அந்தத் தாகத்தை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

நம் ஊர்ப் பக்கம் வருகை

1893-இல் சமயத் தொண்டுக்காக ஜப்பான் சென்ற ஏமி, உடல்நலம் குன்றித் திரும்பினார். 1895-இல் இந்தியாவுக்கு வந்தார். அதன்பின் ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஒருமுறைகூடத் தாய்நாடு திரும்பவில்லை. தமிழைக் கற்றார், சேலை உடுத்தினார், கிராமம் கிராமமாக மாட்டுவண்டியில் சென்றார். அந்நாளில் அவர் தங்கியிருந்த பண்ணைவிளை, நம் ஆறுமுகநேரியிலிருந்து வெகு தூரமில்லை.

1901 மார்ச் மாதத்தில் அங்கேதான் அவர் வாழ்வின் திருப்புமுனை ஏற்பட்டது. பிரீனா என்ற ஏழு வயதுச் சிறுமி அவரிடம் அடைக்கலம் தேடி வந்தாள். அக்காலத்தில் சிறுமியரைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் வழக்கம் இருந்தது. அப்படி விடப்பட்ட அவள், ஒருமுறை தப்பித் தூத்துக்குடியிலிருந்த தாயிடம் நடந்தே போனாள். தாயோ அஞ்சி அவளைத் திருப்பி ஒப்படைத்துவிட்டாள். மறுபடியும் தப்பி வந்தபோது அவளை ஏற்றுக்கொண்டவர் ஏமி. அன்று முதல் பிள்ளைகளுக்கு அவர் அம்மா ஆனார். இவ்வழக்கத்தைத் தடுக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் பல ஆண்டுகள் போராடினார். சென்னை மாகாணத்தில் அதற்கான சட்டம் 1947-இல்தான் வந்தது.

டோனாவூர் இல்லம்

1901-ஆம் ஆண்டிலேயே அவர் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்திலுள்ள டோனாவூருக்குக் குடியேறினார். ஒரு சிறுமியில் தொடங்கிய இல்லத்தில் 1913-க்குள் 130 பிள்ளைகள் சேர்ந்தனர். 1918 முதல் ஆண்குழந்தைகளும் சேர்க்கப்பட்டனர். இல்லத்துக்குள்ளேயே பள்ளியும் நடந்தது. எழுத்தும் எண்ணும் கற்றதோடு, செடி, பூ, பறவை, பூச்சி ஆகியவற்றைத் தோட்டத்தில் நேரில் பார்த்தும் கற்றார்கள். வளர்ந்த பெண்களே பின்னாளில் ஆசிரியைகளாகவும் தாதியராகவும் பணிபுரிந்தார்கள்.

நரைக்காடு

இல்லத்துக்கு மேலே களக்காட்டு மலையில் நரைக்காடு என்றொரு காடு உண்டு. கோடை வெப்பத்திலிருந்து பிள்ளைகளைக் காக்க, 1917-இல் அங்கே நிலம் வாங்கினார் அம்மையார். வீடு கட்டும்போது அவரும் சில பெண்களும் மலையிலேயே தங்கி வேலையைக் கவனித்தார்கள். அதன்பின் பிள்ளைகள் குழுக் குழுவாக மலையேறி வந்து தங்கினார்கள். அட்டையும் மழையும் உண்டு; யானையும் சிங்கவால் குரங்கும் திரியும் காடு அது. பிள்ளைகள் பாறைகளில் ஏறினார்கள். சுனையில் குதித்து நீந்தப் பழகினார்கள். மரங்களையும் பறவைகளையும் பெயர் சொல்லி அறிந்தார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அப்பிள்ளைகளில் பலர், தம் வாழ்வைத் தாமே தீர்மானிக்க உரிமை இல்லை என்று சொல்லி வளர்க்கப்பட இருந்தவர்கள். பயத்திலிருந்து மீண்டு வந்த ஒரு சிறுமிக்குத் தைரியமாக இரு என்று நூறு முறை எழுதிக் கொடுத்தாலும் தைரியம் வராது. தானே குதித்து, தானே நீந்தி, மறுகரை ஏறும்போது அது தானாக வருகிறது. அந்தத் தைரியம் பாடத்துக்கும் உதவும், வாழ்வுக்கும் உதவும். களக்காட்டுக் காடுகள் 1976-இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. 1988-இல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் உருவாயிற்று.

இறுதிக் காலம்

1931 செப்டம்பரில் களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்வையிடச் சென்றபோது, இருட்டில் பள்ளத்தில் விழுந்து அம்மையாரின் கால் முறிந்தது. அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர் பெரும்பாலும் தம் அறையிலேயே வாழ்ந்தார். கூரைமேல் நடந்த கால்கள் நின்றன, கை நிற்கவில்லை. அவர் எழுதிய முப்பதுக்கு மேற்பட்ட நூல்களில் பல அந்த அறையில் எழுதப்பட்டவை. 1951 ஜனவரி 18-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். அவர் விருப்பப்படி கல்லறைக்கல் வைக்கவில்லை. பறவைகள் நீர் அருந்த ஒரு கல்தொட்டியை வைத்து, அதில் தாயைக் குறிக்கும் ஒரே ஒரு சொல்லைப் பொறித்தார்கள்.

முடிவுரை

நம் முன்னோர் மூச்சை அடக்கிக் கடலில் மூழ்கி முத்தெடுத்த கரை இது. ஆயினும் கடலருகே வாழும் பெண்பிள்ளைகளாகிய நம்மில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும்? உப்பளத்துக்கு வரும் பறவைகளில் எத்தனையின் பெயர் தெரியும்? அன்புள்ள பெற்றோரே, சகோதரியரே! தேர்வுக்காக எங்கள் விளையாட்டு நேரத்தையும் சுற்றுலாவையும் முதலில் வெட்டிவிடாதீர்கள். தோழியரே! மதிப்பெண்ணையும் விடவேண்டாம், மலையையும் விடவேண்டாம். இரண்டும் ஒரே கல்வியே என்பதைத்தான் நரைக்காடு நமக்குக் கற்பிக்கிறது.