கேட்டறிந்த பெருமகன்

தமிழில் கேள்வி என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. பிறரிடம் நாம் வினவுவதும் கேள்வி. பிறர் கூறுவதைச் செவிமடுத்து அறிவதும் கேள்வி. வினவத் தெரிந்தவன் செவிமடுக்கவும் தெரிந்தவனாதல் வேண்டும் என்பதை இச்சொல்லே நமக்கு உணர்த்துகின்றது. ஏட்டுக் கல்வி சிறிதே பெற்றவராயினும், இவ்விருவகைக் கேள்வியையும் துணையாகக் கொண்டு பலரும் வியக்கும் நிலைக்கு உயர்ந்த ஒருவர் நம் கொங்கு நாட்டில் வாழ்ந்தார். அவரே ஜி. டி. நாயுடு என்று வழங்கப்பெறும் கோபால்சாமி துரைசாமி நாயுடு ஆவார்.

கோவை மாவட்டத்தில் சூலூருக்கு அண்மையில் கலங்கல் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரில் உழவுத் தொழில் புரிந்து வந்த குடும்பத்தில் 1893ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23ஆம் நாள் துரைசாமி பிறந்தார். இளம் பருவத்திலேயே அன்னையை இழந்தார். பள்ளிப் படிப்பில் அவர் உள்ளம் பற்றவில்லை. தொடக்க வகுப்புகளோடு பள்ளியை விட்டு நீங்கினார். இவ்வொன்றில் மட்டும் மாணவர் அவரைப் பின்பற்றலாகாது. பள்ளியில் எளிதாகக் கிட்டும் கல்வியை அவர் வெளியே தேடிப் பெறுவதற்கு எத்துணைப் பாடுபட்டார் என்பதை அறிந்தால், பள்ளியின் அருமை நமக்கு இன்னும் நன்றாக விளங்கும். அவர் பள்ளியை விட்டாரேயன்றிக் கற்றலை விட்டாரல்லர்.

அந்நாளில் சிற்றூர் மக்கள் அறிந்த ஊர்தி மாட்டு வண்டியே. லங்காஷயர் என்னும் ஆங்கிலேய வருவாய்த்துறை அலுவலர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வருவதை ஒருநாள் துரைசாமி கண்டார். அது இங்கிலாந்தில் செய்யப்பெற்ற ரட்ஜ் என்னும் வண்டி. மாடும் இல்லை, குதிரையும் இல்லை. ஆயினும் அது தானே ஓடிற்று. வழியில் அவ்வண்டி பழுதுற்று நின்றது என்றும், துடைக்கத் துணியும் மண்ணெண்ணெயும் கொணர்ந்து உதவிய துரைசாமி, அலுவலர் அதனைச் சீர்செய்யும் முறையை அருகிலிருந்து கூர்ந்து நோக்கினார் என்றும் கூறுவர்.

புதுமையைக் கண்டால் வியப்பது எல்லார்க்கும் இயல்பே. வியந்தபின் மறந்துவிடுவதும் பெரும்பாலார்க்கு இயல்பே. துரைசாமியோ மறந்திலர். ‘இஃது எவ்வாறு ஓடுகின்றது?’ என்னும் வினா அவர் உள்ளத்தில் வேரூன்றியது. அதற்கு விடை காணும்பொருட்டு அவர் ஊரை விட்டுக் கோவைக்குச் சென்றார். அங்கு ஓர் உண்டிச்சாலையில் பரிமாறும் பணியாளாக அமர்ந்தார். ஏறத்தாழ மூன்றாண்டுகள் உழைத்துச் சில நூறு ரூபாய் சேர்த்து, தாம் முன்பு கண்ட அம்மோட்டார் சைக்கிளையே விலைக்கு வாங்கினார். வாங்கியவர் அதில் ஏறி ஊர்வலம் வருவதோடு அமையவில்லை. அதன் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஒவ்வொன்றும் செய்யும் தொழிலை ஆராய்ந்தார். மீண்டும் பழையபடி பூட்டினார். அந்த வண்டியே அவருக்கு நூலாகவும் ஆசானாகவும் அமைந்தது.

பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், வினாவை ஆறு வகையாகப் பகுத்துக் கூறுகின்றது. விடையை அறிந்த ஆசிரியர் மாணவனைச் சோதிக்க வினவுவது அறிவினா. அறியாதவன் அறிந்துகொள்ள வினவுவது அறியா வினா. இதுவோ அதுவோ என்று ஐயுற்று வினவுவது ஐய வினா. கடையில் ஒரு பொருளைக் கொள்ளும்பொருட்டு வினவுவது கொளல் வினா. ஒருவர்க்கு ஒன்றைக் கொடுக்க எண்ணி வினவுவது கொடை வினா. ஒரு செயலைச் செய்யுமாறு ஏவும் கருத்தோடு வினவுவது ஏவல் வினா. நாள்தோறும் நாம் பேசும் பேச்சில் கொளல் வினாவும் ஏவல் வினாவும் மிகுதி. அறியா வினாவும் ஐய வினாவும் மிகக் குறைவு. ‘எனக்குத் தெரியாது’ என்பதை ஒப்புக்கொண்டாலன்றி இவ்விரண்டும் நாவில் எழா. நாணமும் செருக்கும் அவற்றைத் தடுத்துவிடுகின்றன. துரைசாமியின் வாழ்வு முழுவதையும் இவ்விரு வினாக்களின் வரலாறு என்றே கூறலாம்.

முதல் உலகப் போர்க் காலத்தில் அவர் திருப்பூரில் பருத்தி அரைவைத் தொழிலில் ஈடுபட்டார். செடியிலிருந்து எடுக்கும் பருத்தியில் பஞ்சும் விதையும் பிணைந்திருக்கும். விதையை நீக்கிப் பஞ்சைத் தனியே பிரித்தெடுப்பதே அரைவை ஆலையின் வேலை. இத்தொழிலில் அவருக்குப் பெரும்பொருள் கிட்டிற்று. அப்பொருளோடு பம்பாய்க்குச் சென்று பருத்தி வாணிகத்தில் இறங்கினார். அங்கிருந்த பெருவணிகர்களுக்கு ஈடுகொடுக்க இயலாது போயிற்று. ஈட்டிய பொருளை இழந்து கோவைக்குத் திரும்பினார். திருப்பூர் தந்ததைப் பம்பாய் வாங்கிக்கொண்டது. எனினும் அவர் கற்ற பொறியறிவை எவராலும் வாங்க இயலவில்லை. அதனையே முதலாகக் கொண்டு அவர் வாழ்வை மீண்டும் தொடங்கினார்.

பொறிகளைப் பழுது பார்க்கும் தொழிலாளியாகப் பணியாற்றியபின், 1920ஆம் ஆண்டில் அவர் ஒரு பேருந்து வாங்கினார். கோவையில் தொழில் நடத்திய இராபர்ட்டு ஸ்டேன்சு என்னும் ஆங்கிலேயர் அவருக்குப் பொருளுதவி புரிந்தார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அப்பேருந்து ஓடிற்று. அதனை நாயுடுவே ஓட்டினார். நாள்தோறும் ஏறி இறங்கும் மக்களின் இடர்கள் அவர் கண்முன் நிகழ்ந்தன. வண்டி எப்பொழுது வரும் என்று தெரியாது மரத்தடியில் காத்திருப்போர் துன்பம் ஒன்று; பயணச்சீட்டு வழங்குவதில் நேரும் காலத்தாழ்வு மற்றொன்று. இவற்றைக் கண்டும் காணாது செல்பவர் பலர். அவரோ ஒவ்வோர் இடரையும் ஒரு வினாவாகக் கொண்டார்.

அவ்வினாக்களின் பயனாக யூனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் அவருடைய நிறுவனம் வளர்ந்தது. குறித்த நேரத்தில் வண்டி விடுவதில் அது பெயர் பெற்றது. பயணச்சீட்டு வழங்கும் பொறி ஒன்றையும் நாயுடு உருவாக்கினார். 1933ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தில் 280 ஊர்திகள் இருந்தன. ஒற்றை வண்டியின் ஓட்டுநராயிருந்தவர் பதின்மூன்றே ஆண்டுகளில் இந்நிலையை எய்தினார்.

ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அவர் பயணம் செய்தார். அயல்நாடு சென்றோர் பலர் அங்குள்ள மாடமாளிகைகளைக் கண்டு மகிழ்ந்து மீள்வர். நாயுடுவின் நாட்டம் அங்குள்ள தொழிற்சாலைகளின்மீது சென்றது. உலர் மின்கலத்தால் இயங்கும் முகச்சவரக் கருவி, மிக மெல்லிய சவர அலகு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயால் ஓடும் விசிறி, முறைகேட்டுக்கு இடந்தராத வாக்குப் பதிவுப் பொறி ஆகியவை அவர் உருவாக்கியவற்றுள் சில. வானொலிப் பெட்டி செல்வர் வீட்டுப் பொருளாயிருந்த 1941ஆம் ஆண்டில், ஐந்து வால்வுகள் கொண்ட பெட்டியை எழுபது ரூபாய்க்குச் செய்து தர இயலும் என்று அறிவித்தார். இப்பட்டியலை நோக்குங்கள். இவற்றுள் பல, வீட்டிலும் வீதியிலும் மக்கள் நாள்தோறும் கையாளும் பொருள்கள். ஆராய்ச்சிக்கு உரிய பொருள் எங்கோ தொலைவில் உள்ளது என்று அவர் எண்ணவில்லை. கைக்கு எட்டும் இடத்திலேயே அதனைக் கண்டார்.

1932ஆம் ஆண்டில் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அதன் மின்னாற்றல் கோவை வட்டாரத்து ஆலைகளுக்கும் ஊர்களுக்கும் பரவிற்று. ஆலையில் கதிர் சுழலவும் கிணற்றில் நீர் இறைக்கவும் மின்மோட்டார்கள் தேவைப்பட்டன. அவையோ கடல் கடந்து வரவேண்டியிருந்தன. அவற்றை நாமே செய்தால் என்ன என்னும் வினாவுக்கு 1937ஆம் ஆண்டில் விடை கிட்டியது. நாயுடுவும் தே. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து கோவைப் பீளமேட்டில் மின்மோட்டார் செய்தனர். இந்தியாவில் செய்யப்பெற்ற முதல் மின்மோட்டார் அதுவே என்பர். மோட்டாருக்கும் நீரிறைக்கும் பொறிக்கும் கோவை இன்று பெற்றுள்ள பெயருக்கு அது வித்தாக அமைந்தது.

பொறியோடு அவருடைய ஆராய்ச்சி நின்றுவிடவில்லை. பருத்தி, மக்காச்சோளம், பப்பாளி முதலிய பயிர்களையும் தம் தோட்டத்தில் வளர்த்து ஆராய்ந்தார். அறிவியல் மேதை சர். சி. வி. இராமனும், பொறியியல் வல்லுநர் விசுவேசுவரய்யாவும் அத்தோட்டத்தைக் கண்டு சென்றனர். பள்ளியில் நீடித்துப் பயிலாத ஒருவரின் தோட்டத்தைக் கற்றறிந்த சான்றோர் நேரில் வந்து பார்த்தனர் என்பது நாம் எண்ணிப் பார்க்கத் தக்கது. பெரியோரிடத்தும் அறியும் வேட்கை தணிவதில்லை என்பதற்கு அதுவும் ஒரு சான்றாகும்.

தாம் பெற்ற பயன் பிறரும் பெறவேண்டும் என்று நாயுடு விழைந்தார். 1945ஆம் ஆண்டில் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரால் தொழில்நுட்பப் பயிலகமும் பொறியியற் கல்லூரியும் தோன்ற அவர் துணை நின்றார். அவற்றின் தலைவராகவும் பணிபுரிந்தார். அக்கல்லூரியே இன்று அரசு தொழில்நுட்பக் கல்லூரி எனப் புகழுடன் விளங்குகின்றது. நான்காண்டுப் படிப்பை ஈராண்டில் முடிக்கலாம் என்பது அவர் கருத்து. அரசு அதனை ஏற்கவில்லை. அவர் பதவியை விட்டு விலகினார். 1952ஆம் ஆண்டில் இருவர் செல்லத்தக்க சிறிய காரை ஈராயிரம் ரூபாய் விலையில் செய்து காட்டினார். அதற்கும் உரிமம் கிட்டவில்லை. இத்தகைய தடைகள் அவரைத் துன்புறுத்தின. எனினும் அவை அவருடைய ஆராய்ச்சிக்கு அணையிடவில்லை. 1974ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4ஆம் நாள் அவர் மறைந்தார். கோவையில் அவர் பெயர் தாங்கிய காட்சியகத்தில் அவர் செய்தவற்றையும் திரட்டியவற்றையும் இன்றும் காணலாம். அவிநாசிச் சாலையில் 2025ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற நெடிய மேம்பாலமும் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

அறியும் ஆவலில் நல்லதும் உண்டு, அல்லாததும் உண்டு. அடுத்த வீட்டில் நிகழ்ந்த சண்டை யாது, அவர் ஈட்டும் ஊதியம் எவ்வளவு என்று துருவுவதும் ஓர் ஆவலே. அது வம்பு எனப்படும். அவ்வாவல் கேட்பவரையும் உயர்த்தாது; கேட்கப்படுபவரையும் வருத்தும். ஒருவர் செய்யும் தொழிலைப் பற்றியும், அதில் அவர் கண்ட நுட்பத்தைப் பற்றியும் பணிவோடு வினவுவது வேறு. அவ்வாறு வினவப்பெற்றவர் முகம் மலர்வதைக் காணலாம். தம் உழைப்பின் அருமையை அறிய ஒருவர் விரும்புகின்றார் என்பதே அவருக்குச் சிறப்பாகின்றது. வினவியவர்க்கு அறிவு பெருகுகின்றது. இருவர்க்கும் இடையே நட்பு வளர்கின்றது. ஒரே வினா இத்துணைப் பயனையும் தருகின்றது.

திருப்பூர் வட்டாரத்தில் வாழும் மாணவர்க்கு இதற்கு வாய்ப்பு மிகுதி. 2009ஆம் ஆண்டில் தனி மாவட்டத்தின் தலைநகரான அவ்வூரில், பின்னலாடைத் தொழில் தெருத்தோறும் நிகழ்கின்றது. நூல் பின்னலாகி, சாயம் ஏறி, வெட்டப்பெற்று, தைக்கப்பெற்று, ஆடையாகி அயல்நாடு செல்கின்றது. பெற்றோர் பலர் அத்தொழிலில் உழைத்து, இரவு வீடு திரும்புகின்றனர். ‘அதிகம் படிக்காத அவர்களிடம் நாம் கற்பதற்கு என்ன உண்டு?’ என்று சில பிள்ளைகள் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் பெரும்பிழை. நாயுடுவும் அதிகம் படிக்காதவரே.

ஓர் எளிய ஐயத்தை எடுத்துக்கொள்வோம். பனியனை இழுத்தால் நீள்கின்றது; விட்டால் சுருங்குகின்றது. வேட்டியை அவ்வாறு இழுத்தால் நீள்வதில்லை. இரண்டும் பருத்தி நூலால் ஆனவையே. அங்ஙனமாயின் இவ்வேறுபாடு எதனால் வந்தது? பின்னல் பொறியில் பணிபுரியும் தந்தையிடமோ, தையற்பொறியில் அமரும் அன்னையிடமோ இதனைக் கேளுங்கள். வேட்டியில் பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாக இறுகி நிற்கின்றன என்றும், பனியனில் நூல் வளையம் வளையமாக ஒன்றனுள் ஒன்று கோத்துச் செல்கின்றது என்றும், இழுக்கும்பொழுது அவ்வளையங்கள் நெகிழ்ந்து இடந்தருகின்றன என்றும் அவர்கள் விளக்குவர். பிறகு ஒரு பழைய பனியனின் நூலைப் பிரித்து நீங்களே பார்த்துத் தெளியலாம். அன்று மோட்டார் சைக்கிளைப் பிரித்தவர் செய்ததும் இதுவேயன்றோ?

அறியாமை இழிவன்று, அறியாமையை மறைப்பதே இழிவு. வகுப்பில் விளங்காத ஒன்றை, பிறர் நகைப்பரோ என்று அஞ்சிக் கேளாதிருக்கும் மாணவன், தனக்குரிய செல்வத்தைத் தானே இழக்கின்றான். கண்டதைக் கூர்ந்து நோக்குதல், அறியாததை நாணமின்றி வினவுதல், கூறுவோர் எவராயினும் பொறுமையோடு செவிமடுத்தல், கேட்டதைக் கையால் செய்து தெளிதல் என்னும் இந்நான்குமே கலங்கல் கிராமத்து இளைஞரைப் பெருமகனாக்கின. இவற்றுக்குப் பொருட்செலவு இல்லை. இன்று மாலை வீட்டுக்குச் சென்றவுடனேயே இவற்றை நாம் தொடங்கலாம்.