கயிற்றை விடாத டென்சிங்



போன மாதம் ஆவடியில் நடந்த ஒரு முகாமில் கயிறு ஏறச் சொன்னாங்க. பாதி தூரம் ஏறினதும் கீழே பார்த்துட்டேன். கை கால் உதறல்! இறங்கிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அந்த வெட்கத்தில் நூலகத்துக்குப் போனவன்தான், டென்சிங் நார்கேயைப் பற்றிப் படித்தேன்.

டென்சிங் 1914-இல் பிறந்தவர். ஷெர்பா இனத்தவர். பள்ளிக்கூடம் போனதில்லை, எழுதப் படிக்கத் தெரியாது. டார்ஜிலிங் வந்து, மலை ஏறுபவர்களுக்கு மூட்டை சுமந்தார். 1935 முதல் 1952 வரை ஆறு தடவை எவரெஸ்ட் போனார். ஆறு தடவையும் உச்சியைத் தொடாமலே திரும்பினார். நான் ஒரே தடவையில் சோர்ந்து போனவன்!

ஏழாவது தடவை 1953-இல். பனிக்கட்டியில் படி வெட்டி, ஆபத்தான இடங்களில் கயிறு கட்டி, அதைப் பிடித்து ஏறினார்கள். ஏப்ரல் 26 அன்று எட்மண்ட் ஹிலாரி ஒரு பனிப் பிளவைத் தாண்டக் குதித்தார். காலடியில் பனி உடைந்தது. ஆள் உள்ளே விழுந்துட்டார்! இருவரும் ஒரே கயிற்றில் கட்டியிருந்தார்கள். டென்சிங் சட்டென்று பனிக்கோடாரியைக் குத்தி, கயிற்றை அதில் சுற்றி இறுக்கிப் பிடித்தார். ஹிலாரி பிழைத்தார்.

மே 29, காலை 11.30 மணி. அதே இருவரும் உச்சியில் நின்றார்கள். டென்சிங் கொஞ்சம் இனிப்புகளையும், மகள் கொடுத்தனுப்பிய சின்னப் பென்சிலையும் பனியில் புதைத்தார்.

யார் முதலில் ஏறினது என்று ஊரெல்லாம் கேள்வி. ஒரே கயிற்றில் போனவர்களுக்கு அது பெரிய விஷயமாகவே இல்லை. ஹிலாரிதான் முதலில் கால் வைத்தார் என்று டென்சிங்கே பிறகு தன் வாழ்க்கை வரலாற்றில் சொல்லிவிட்டார்.

1954-இல் டார்ஜிலிங்கில் மலையேற்றப் பயிற்சி நிறுவனம் தொடங்கியது. அதற்காக டென்சிங் சுவிட்சர்லாந்து போய் ஆல்ப்ஸ் மலையில் பயிற்சி பெற்று வந்தார். உலகப் புகழ் பெற்ற பிறகும் மாணவராக உட்கார்ந்தார், பாருங்கள்! அதன்பின் பல வருடங்கள் இளைஞர்களுக்குக் கற்றுக் கொடுத்தார். 1986 மே 9-இல் மறைந்தார்.

நண்பர்களே, ஏறுகிறவன் மட்டும் வீரன் இல்லை. கயிற்றைப் பிடித்திருப்பவனும் வீரன்தான். அடுத்த முகாமில் மறுபடி ஏறப் போகிறேன். கீழே கயிறு பிடிக்க யார் வர்றீங்க?

— 9-ஆம் வகுப்பு மாணவன்