வீரநாராயணபுரம் தந்த முதலாசாரியர்

முதற் பராந்தக சோழன் (907–955) காலத்தில் வெட்டப்பெற்ற வீரநாராயண ஏரியின் அருகே விளங்கும் காட்டுமன்னார்கோயிலே ஸ்ரீமந் நாதமுனிகளின் திருவவதார ஸ்தலம். ஆனி அனுஷம் அவர் திருநக்ஷத்திரம்.

அவர் காலத்தில் ஆழ்வார்களின் அருளிச்செயல்கள் பெரும்பாலும் வழக்கொழிந்திருந்தன. ஒருநாள் மேல்நாட்டிலிருந்து வந்த யாத்ரீகர் சிலர், மன்னனார் திருமுன்பே குடந்தை ஆராவமுதனைப் பற்றிய திருவாய்மொழியை ஸேவித்தனர். அவை ஆயிரத்துள் ஒரு பத்து என்று இறுதிப் பாசுரத்தால் உணர்ந்த நாதமுனிகள், எஞ்சியவற்றை வினவினார். அவர்களோ அவ்வளவே அறிவர். குடந்தை சென்றும் கிடைக்கவில்லை. திருக்குருகூரில், மதுரகவியாழ்வாரின் சிஷ்ய பரம்பரையில் வந்த பராங்குசதாஸர் கண்ணிநுண் சிறுத்தாம்பை உபதேசித்தார். அதனை 12,000 முறை அநுஸந்தித்த நாதமுனிகளுக்கு நம்மாழ்வார் ப்ரத்யக்ஷமாகி நாலாயிரத்தையும் அருளினார் என்பது குருபரம்பரை கூறும் வரலாறு.

ஊர் திரும்பிய அவர், பாசுரங்களுக்குப் பண் அமைத்து, மருமக்களான கீழையகத்தாழ்வான், மேலையகத்தாழ்வான் இருவர்க்கும் கற்பித்தார். அவர் திருப்பேரனாரே ஆளவந்தார்.

பெயரும் அறியப்படாத அந்த யாத்ரீகர்கள், தாம் அறிந்த பாசுரங்களை வாய்விட்டு ஸேவித்திராவிடில் நமக்கு நாலாயிரம் ஏது? உத்ஸவத்திற்கு எழுந்தருளும் பாகவதர்கள், ஒரு பாசுரமே அறிந்தவராயினும், அதனைப் பெருமாள் திருமுன்பே ஸேவிப்பார்களாக.