மேடையை மருந்தாக்கிய மருத்துவர்

நாடகம் என்றால் பொழுதுபோக்கு என்றும், விளையாட்டு என்றால் சிறுவர்க்கு மட்டும் உரியது என்றும் எண்ணிப் பழகியவர்கள் நாம். தேர்வு நெருங்கும் வேளையில் ஒத்திகைக்குப் போகும் நண்பனைப் பொறுப்பற்றவன் என்கிறோம். வளர்ந்த ஒருவர் குழந்தைகளோடு சேர்ந்து பம்பரம் விட்டால் நகைக்கிறோம். ஆனால் அந்த விளையாட்டையும் நாடகத்தையும் கையில் எடுத்துக்கொண்டு, உள்ளம் நொந்தவர்களுக்கு அவற்றையே மருந்தாகத் தந்த மருத்துவர் ஒருவர் சென்ற நூற்றாண்டில் வாழ்ந்தார். அவர் பெயர் ஜேக்கப் லெவி மொரேனோ. குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் உளநல ஆலோசனை கூறுவோர் பலர் இன்று பாவனை விளையாட்டையும் நடிப்பையும் உடலசைவையும் கையாளுகிறார்கள். அதற்கு வழி திறந்தவர்களுள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் அவர்.

மொரேனோ 1889 மே 18இல் ருமேனியாவின் தலைநகரான புக்கரெஸ்டில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை வணிகர். சிறு வயதிலேயே குடும்பம் வியன்னாவில் குடியேறியது. தாம் கருங்கடலில் சென்ற கப்பலொன்றில் பிறந்ததாக மொரேனோ பிற்காலத்தில் சொல்லிக்கொண்டார். பதிவேடோ வேறு சொல்கிறது. தம் வாழ்க்கையைச் சற்றுப் பெரிதாக்கிச் சொல்லும் வழக்கம் அவரிடம் இறுதிவரை இருந்தது. அவர் கதையைப் படிப்போர் இதை நினைவில் கொள்ளுதல் நன்று.

இளமைப் பருவத்து நிகழ்ச்சி ஒன்றை அவர் அடிக்கடி கூறுவார். நான்கரை வயதில் அண்டை வீட்டுப் பிள்ளைகளுடன் கடவுள் விளையாட்டு ஆடினாராம். நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூரைவரை அடுக்கி, உச்சியில் கடவுளாக அமர்ந்தார். மற்றப் பிள்ளைகள் தேவதூதர்களாகப் பறந்து வந்தனர். நீ ஏன் பறக்கவில்லை என்று ஒரு பிள்ளை கேட்டதும் கையை விரித்தார். அடுத்த நொடி தரையில் கிடந்தார், வலக்கை முறிந்துவிட்டது. கை ஆறிவிட்டது. ஆனால் விளையாட்டில் ஒருவன் வேறோர் ஆளாகவே ஆகிவிட முடியும் என்ற வியப்பு அவரை விட்டு அகலவில்லை.

வியன்னாப் பல்கலைக் கழகத்தில் மருத்துவம் பயின்ற நாட்களில் ஆவ்கார்ட்டன் என்னும் பூங்காவுக்குச் செல்வார். அங்கே கூடும் பிள்ளைகளுக்குக் கதை சொல்வார். பிறகு அவர்களையே அக்கதையை நடிக்கச் சொல்வார். எழுதிவைத்த வசனம் கிடையாது. அன்றாடம் சண்டையிடும் பிள்ளை அரசனாக நடிக்கும்போது நீதி வழங்குவதையும், வாய் திறவாத பிள்ளை வேடம் பூண்டதும் பேசுவதையும் கண்டார். அக்காலத்து வியன்னாவில் பிராய்டின் புகழ் ஓங்கியிருந்தது. நோயாளியைக் கட்டிலில் படுக்கவைத்து, நினைவுகளைப் பேச்சால் வெளிக்கொணர்வது பிராய்டின் முறை. மொரேனோவுக்கு அது நிறைவு தரவில்லை. மனிதன் பேசுவதற்கு முன்பே செயல்படத் தொடங்கிவிடுகிறான். குழந்தை சொல்லைக் கற்குமுன் கையையும் காலையும் அசைக்கக் கற்கிறது. அப்படியிருக்க, மருத்துவம் மட்டும் பேச்சோடு நின்றுவிடுவது ஏன் என்பது அவர் எழுப்பிய வினா.

முதல் உலகப் போரின்போது, மிட்டர்ன்டார்ப் என்னும் ஊரின் அகதி முகாமில் அவர் பணியாற்றினார். இத்தாலிய மொழி பேசும் திரோல் மக்கள் போர்முனையிலிருந்து அகற்றப்பட்டு அங்கே குடியமர்த்தப்பட்டிருந்தனர். உணவும் உறைவிடமும் தந்துவிட்டால் போதும் என்று அதிகாரிகள் எண்ணினர். மொரேனோ வேறொன்றைக் கவனித்தார். யாருக்கு அருகில் யார் குடியிருக்கிறார் என்பதைப் பொறுத்தே அமைதியும் பூசலும் அமைந்தன. ஆகவே மக்களின் விருப்பத்தை அறிந்து குடியமர்த்த வேண்டுமென 1916இல் அரசுக்கு எழுதினார். 1917இல் மருத்துவப் பட்டம் பெற்றபின், வியன்னாவுக்கு அருகே பாட் பெஸ்லாவு என்னும் ஊரில் மருத்துவராக அமர்ந்தார்.

1921 ஏப்ரல் 1 அன்று அவர் ஒரு துணிச்சலான செயலில் இறங்கினார். வியன்னாவின் நாடகக் கொட்டகை ஒன்றில் திரை விலகியது. மேடையில் நடிகர் இல்லை, நாடகமும் இல்லை. அரியணை ஒன்றும் முடி ஒன்றும் மட்டுமே இருந்தன. போரில் தோற்றுப் பேரரசை இழந்து தலைமையின்றித் தவித்த நாடு அது. அரசனாக வல்லவர் மேடைக்கு வரலாம் என்று பார்வையாளரை அழைத்தார். சிலர் வந்தனர். ஒருவரும் தேறவில்லை. நிகழ்ச்சி தோல்வியுற்றது, நண்பர் சிலரும் விலகினர். எனினும் மொரேனோ தளரவில்லை. அடுத்த ஆண்டு ‘ஸ்டெக்ரைப் தியேட்டர்’ என்ற உடனடி நாடக அரங்கைத் தொடங்கினார். அன்றைய செய்தித்தாளில் வந்ததை அன்றே அங்கு நடித்தார்கள். பின்னாளில் திரைப்படங்களில் புகழ்பெற்ற பீட்டர் லோரே அங்கு நடித்தவர்களுள் ஒருவர்.

மருத்துவ நாடகத்துக்கு வித்தானது இங்கு நடந்த ஒன்றுதான் என்று மொரேனோ எழுதியுள்ளார். பார்பரா என்று அவர் பெயரிட்டழைக்கும் நடிகை மேடையில் சாந்தமே உருவானவள். வீட்டிலோ கணவன்மீது சீறி விழுபவள். கணவன் வந்து முறையிட்டான். மொரேனோ அவளுக்கு அடங்காத, கொடுஞ்சொல் பேசும் பாத்திரங்களைக் கொடுத்தார். மேடையில் சினத்தைக் கொட்டிய பிறகு வீட்டில் அவள் சினம் தணிந்தது. பிறகு கணவனையும் மேடையேற்றி, இருவரும் தம் வீட்டுக் காட்சிகளையே நடிக்கச் செய்தார். அறிவியல் மாணவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். இது அவரே சொன்ன கதை. ஒரு கதை சான்று ஆகாது. ஆயினும் புதிய எண்ணமொன்று எப்படிப் பிறந்தது என்பதை இது காட்டுகிறது.

1925இல் அவர் அமெரிக்கா சென்றார். புதிய நாடு, புதிய மொழி. மருத்துவத் தொழிலுக்கு மீண்டும் உரிமம் பெற வேண்டிய நிலை. புரூக்ளினில் குழந்தைகளிடையே தம் முறையைச் செய்துகாட்டினார். சிங் சிங் சிறைச்சாலையில் கைதிகளின் உறவுகளை ஆராய்ந்தார். 1932இல் பிலடெல்பியாவில் நடந்த மனநோய் மருத்துவர் மாநாட்டையொட்டிக் குழு மருத்துவம் பற்றிப் பேசினார். நோயாளி ஒருவர் மற்றொரு நோயாளிக்கு மருந்தாகலாம் என்பது அதன் கருத்து.

அதே ஆண்டு, நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் நகரிலிருந்த பெண்கள் சீர்திருத்தப் பள்ளியில் ஆராய்ச்சியைத் தொடங்கினார். ஹெலன் ஹால் ஜென்னிங்ஸ் என்னும் பெண்மணி அவருக்கு உறுதுணையாக இருந்தார். ஏறத்தாழ 500 பெண்கள் தனித்தனிக் குடில்களில் வாழ்ந்த பள்ளி அது. இரண்டே வாரங்களில் 14 பெண்கள் அங்கிருந்து ஓடிப்போயினர். காரணம் விளங்காமல் நிர்வாகம் திகைத்தது. மொரேனோ ஒவ்வொரு பெண்ணிடமும் எளிய வினாக்களைக் கேட்டார். யாருடன் ஒரே குடிலில் வாழ விரும்புகிறாய்? யாருடன் வாழ விரும்பவில்லை? விடைகளை வட்டங்களாகவும் கோடுகளாகவும் வரைந்தார். பலரும் விரும்பும் பெண்ணை நோக்கிப் பல கோடுகள் ஓடின. சிலரை நோக்கி ஒரு கோடும் வரவில்லை. ஓடிப்போனவர்கள் வெவ்வேறு குடில்களில் இருந்தும், கண்ணுக்குத் தெரியாத உறவுச் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததைப் படம் காட்டியது. 1934இல் வெளியான அவருடைய பெருநூல் இவ்வாராய்ச்சியின் விளைவு. இன்று கணினியறிஞர்கள் மனித உறவுகளை வலைப்பின்னலாக வரைகிறார்களே, அந்த ஆய்வுக்கு இப்படங்கள் முன்னோடிகள்.

1936இல் ஹட்சன் ஆற்றங்கரையில் பீக்கன் என்னும் ஊரில் சொந்த மருத்துவமனையைத் தொடங்கி, அதனுள் ஓர் அரங்கமும் அமைத்தார். படிப்படியாக உயரும் வட்ட மேடை. மேலே ஒரு மாடம். அங்குதான் அவருடைய முறை முழு வடிவம் பெற்றது. முதலில் குழுவினரை ஆடவும் நடக்கவும் பேசவும் வைத்து உடலையும் உள்ளத்தையும் இளக்குவார்கள். பிறகு ஒருவர் நாயகராக மேடையேறுவார். மருத்துவர் இயக்குநர், குழுவினர் துணை நடிகர்கள். தந்தையிடம் சொல்ல முடியாததைச் சுமந்துகொண்டிருக்கும் மகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தந்தையாக ஒருவர் எதிரே நிற்பார்; அல்லது ஒரு வெற்று நாற்காலியே தந்தையாகும். மகன் தன் மனத்திலுள்ளதைப் பேசுவான். அவனால் சொல்ல இயலாததை அவன் தோளருகே நிற்கும் மற்றொருவர் அவன் குரலாகச் சொல்வார். பிறகு இடம் மாறுவார்கள். மகனே தந்தையாக நின்று, தந்தையின் கண்ணால் தன்னைக் காண்பான். இந்த இடமாற்றமே முறையின் உயிர்நாடி. முடிவில் குழுவினர் அவனுக்கு அறிவுரை கூறமாட்டார்கள், குறை காணமாட்டார்கள். தம் வாழ்விலும் நேர்ந்த இத்தகைய துன்பத்தை மட்டும் பகிர்ந்துகொள்வார்கள். சோக நாடகம் காண்போரின் உள்ளத்தைத் தூய்மை செய்கிறது என்றார் அரிஸ்டாட்டில். நடிப்பவனின் உள்ளத்தையே அது தூய்மை செய்யும் என்றார் மொரேனோ.

1941இல் வாஷிங்டனின் செயிண்ட் எலிசபெத்ஸ் மருத்துவமனையிலும் இத்தகைய அரங்கம் எழுந்தது. அவ்வாண்டில்தான் ஜெர்க்கா என்னும் டச்சுப் பெண்மணி தம் சகோதரியின் நோய்க்கு மருத்துவம் நாடிப் பீக்கனுக்கு வந்தார். அவரே மொரேனோவின் உடனுழைப்பாளராகி, 1949இல் மனைவியும் ஆனார். மொரேனோவின் எண்ணங்கள் கட்டுக்கடங்காமல் பாய்பவை. அவற்றைப் பிறர் கற்கத்தக்க பயிற்சியாக ஒழுங்குபடுத்தியதில் ஜெர்க்காவின் பங்கு பெரிது. புற்றுநோயால் 1958இல் வலக்கையை இழந்தும் அவர் பணியை விடவில்லை. 2016இல் மறையும்வரை அவர் பெயர் இத்துறையில் மதிப்போடு பேசப்பட்டது.

மொரேனோ குறையற்றவர் அல்லர். தற்பெருமை மிக்கவர். பிறர் தம் கருத்தை எடுத்துக்கொண்டதாகப் பலரோடும் பிணங்கினார். குழு மருத்துவத்துக்கு அவருக்கு முன்பே வழி வகுத்தோர் உண்டு. பாஸ்டனில் ஜோசப் பிராட் என்னும் மருத்துவர் 1905இலேயே காசநோயாளிகளைக் குழுவாகக் கூட்டி வகுப்பு நடத்தியிருக்கிறார். மேலும், ஆறாத புண்ணை மேடையில் திறப்பது எளிது, மூடுவது கடினம். தேர்ந்த பயிற்சி இல்லாதவர் இம்முறையைக் கையாண்டால் நன்மையினும் தீமையே மிகும். இவ்வளவையும் கழித்த பின்னும் எஞ்சுவது சிறிதன்று. நோயாளி என்பவன் படுத்துக்கிடந்து பேசும் ஒரு பொருள் அல்லன். எழுந்து நின்று தன் வாழ்வை மீண்டும் ஒருமுறை நடித்துப் பார்க்கவல்ல மனிதன் என்று காட்டியவர் அவர்.

1974 மே 14இல், 85 வயது நிறைவுறும் தறுவாயில், பீக்கனில் மொரேனோ மறைந்தார். மனநோய் மருத்துவத்துக்குள் சிரிப்பைக் கொண்டுவந்தவன் என்று உலகம் தம்மை நினைக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். 1993இல் அவருடைய சாம்பல் வியன்னாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. பிள்ளைகளோடு ஆடிய நகரத்துக்கே அவர் திரும்பினார்.

நண்பர்களே, அரங்கம் அமைத்து ஒருவரையொருவர் குணப்படுத்த நம்மால் ஆகாது, முயலவும் கூடாது. ஆனால் ஹட்சன் பள்ளியின் அந்தப் படம் நமக்கும் உரியது. ஊரையும் உறவையும் விட்டு வேற்று மொழி வழங்கும் இடத்தில் வாழ்கிறோம். நம் விடுதியை அப்படி வரைந்தால் சிலரை நோக்கிப் பத்துக் கோடுகள் ஓடும். கோடே வராத வட்டம் ஒன்றும் எங்கேனும் ஒரு மூலையில் இருக்கும். நன்றாகப் படிக்கிறான், யாரோடும் வம்புக்குப் போகமாட்டான் என்று நாம் பாராட்டிவிட்டு மறந்துபோகும் நண்பனாகவும் அவன் இருக்கலாம். ஆண்டு விழா நாடகத்துக்கு ஆள் சேர்க்கும்போது, நடிக்கத் தெரிந்தவர்களை மட்டும் தேடாமல் அவன் அறைக் கதவையும் தட்டுவோம். வசனம் மறந்தால் மறக்கட்டும். அவன் வட்டத்தை நோக்கி ஒரு கோடு ஓடும். அதை வரைய நாம் மருத்துவர்களாக இருக்க வேண்டியதில்லை.